பல் டாக்டரின் ரெக்கார்டு பிளேயர்: ஆய்வறிக்கையும் தாமதத்துக்கான காரணங்களும்

பெருமதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் அப்பாவும் அம்மாவும் நலம். உங்கள் ரெக்கார்டு பிளேயர் நலமில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அங்கே உங்கள் நலத்தை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள், விசாரித்தேன். உங்கள் மகள் நலம் என்பது எனக்கே தெரியும், ஆய்வகத்தில் எனக்கு எதிர் மேஜைதான். கடிதத்தை ‘அன்புள்ள மாமா’ என்று தொடங்கச் சொன்னார் அம்மா. ஆய்வு முடியாத பொருளுக்குச் சீட்டு ஒட்டக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் விதி. அதனால் இப்போதைக்கு ஐயா. முழுவதும் படித்துவிட்டு நான் உங்களை எப்படிக் கூப்பிடலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் பெண் கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்தோம். நீங்கள் டீ கொடுத்தீர்கள். நான் பேசும்போதெல்லாம் என் கண்ணைப் பார்க்காமல் கீழ்வரிசைப் பல்லைப் பார்த்தீர்கள். பிறகு மூலையில் துணி போர்த்தியிருந்த பெட்டியைக் காட்டி, “தம்பி இந்த மாதிரி வேலைதான் பாக்கறீங்கன்னு பொண்ணு சொன்னா. இதைக் கொண்டுபோய்ப் பாருங்க. ரிப்பேரெல்லாம் அப்புறம். முதல்ல இதுல எது இருக்கு, எது போச்சு, எதைக் காப்பாத்தலாம்னு பார்த்து எனக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. மத்ததை அதுக்கப்புறம் பேசுவோம்” என்றீர்கள். மத்தது என்ன என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை, தராசு, வெப்பமானி, அழுத்தமானி இப்படி. அவை பேசாது. அவற்றுக்குச் சொந்தக்காரர் யாரென்று பார்த்து நான் அறிக்கை எழுதியதில்லை. பெண் கொடுக்கப்போகிறவரின் பொருளை ஆய்வு செய்வது இதுவே முதல் தடவை, கடைசித் தடவையாகவும் இருக்கட்டும்.

வீடு திரும்பும் வழியிலேயே அப்பா முடிவைச் சொல்லிவிட்டார். இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை. “பிரமாதமா இருக்குன்னு ஒரு வரி எழுதிப் போட்டுடு. ஒரு வரில உன் கல்யாணம் முடியுது.” அம்மாவின் கருத்து வேறு. ஒரு குறையும் சொல்லாவிட்டால் வேலை தெரியாதவன் என்று நினைப்பார்கள், இரண்டு குறை சொன்னால் மரியாதை, மூன்றாவது சொன்னால் வம்பு, அதனால் இரண்டோடு நிறுத்திக்கொள் என்றார். மறுநாள் உங்கள் மகளிடம் கேட்டேன். அவள் தராசை விட்டுத் தலையைத் தூக்காமலே, “பொய் எழுதினா நான் வேண்டாம்னு சொல்லிடுவேன். உண்மையை எழுதினா அப்பா வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவார். உன் இஷ்டம்” என்றாள். இதற்குப் பெயர் என் இஷ்டமாம்.

இனி தாமதத்துக்கான காரணங்கள். பழைய ரெக்கார்டு பிளேயரை இடம் மாற்றுவதென்றால் ஊசியைத் தாங்கும் கையை அசையாமல் கட்ட வேண்டும், சுழல்தட்டைத் தனியாக எடுத்துவிட வேண்டும், பெட்டியைச் சாய்க்கவே கூடாது. இதையெல்லாம் நான் உங்கள் வாசலில் நின்று சொன்னேன். டாக்ஸியில் பெட்டியை நான் வைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அப்பா கேட்கவில்லை, சம்பந்தி வீட்டுப் பொருள், பெரியவன் மடியில் வருவதுதான் மரியாதை என்று வாங்கிக்கொண்டார். முதல் வளைவில் பெட்டி சாய்ந்தது, உள்ளே எதுவோ உருண்டது, உருண்டது நின்றதும் அப்பா அதைக் குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொடுத்தார். வீடு வரும்வரை தட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து நான் கை கழுவப் போனேன். இதில் இன்னொரு விதி உண்டு: பல வருடம் கிடந்த எந்த மின்பொருளையும் உள்ளே பார்க்காமல் பிளக்கில் செருகக்கூடாது. சோப்பு போட்டுக் கழுவி முடிப்பதற்குள் அப்பா செருகிவிட்டார். “ஓடுதான்னு பாத்தேன்டா.” ஓடவில்லை, வெடித்தது. சின்ன வெடிதான், ஸ்விட்ச்சோடு சேர்ந்திருக்கும் ஒரு பழைய கப்பாசிட்டர், அதை எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும், அதனால் அது கணக்கில் இல்லை. ஆனால் கருகிய வாடை திரைச்சீலையை விட்டு இன்னும் போகவில்லை, கட்டிடம் முழுக்க மின்சாரம் போயிற்று, மாடி வீட்டுக்காரர் பாதி முகம் மழித்தும் பாதி மழிக்காமலும் ஷேவிங் மெஷினோடு இறங்கி வந்து எங்கள் கதவைத் தட்டினார். அப்பா அவரிடம் என்னைக் காட்டி, “இவன்தான், ஏதோ ஆராய்ச்சி பண்றான்” என்றார்.

திங்கட்கிழமை நானே உட்கார்ந்து முறையாகப் பிரித்தேன். முப்பத்தொரு ஸ்க்ரூ. எது எங்கேயிருந்து வந்தது என்று மாறிவிடாமல் இருக்க ஏழு சின்னக் கிண்ணம் எடுத்து, ஒவ்வொன்றிலும் காகிதத் துண்டில் எழுதிப் போட்டு, ஜன்னலோரம் வரிசையாக வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தால் ஒரே கிண்ணம். பளபளவென்று இருந்தது. எல்லா ஸ்க்ரூவும் அதற்குள், பாத்திரம் தேய்க்கும் சோப்பு வாசனையோடு. அம்மாவைக் கேட்டேன். “எல்லாம் ஸ்க்ரூதானேடா, அதுக்கு எதுக்கு ஏழு கிண்ணம்? எனக்குக் கிண்ணம் வேண்டாமா?” காகிதத் துண்டுகள் குப்பையில். இதைச் சொல்லிக் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. எண்ணிப் பார்த்தேன், முப்பத்திரண்டு இருந்தது. அந்த முப்பத்திரண்டாவது எதனுடையது என்று இன்றுவரை தெரியவில்லை, எங்கள் மிக்ஸி அன்றிலிருந்து ஆடுகிறது. இரண்டு நாள் ஸ்க்ரூக்களின் நீளத்தையும் மரையையும் அளந்து அளந்து பிரித்ததில் போயிற்று.

வியாழக்கிழமைதான் உண்மையான ஆய்வு தொடங்கியது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது கொஞ்சம்தான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, நிறையவே இருக்கிறது. மோட்டார் முதல் தரம். கப்பாசிட்டரை மாற்றி ஓடவிட்டேன், காதை வைத்துக் கேட்டால்தான் ஓடுவது தெரிகிறது. சுழல்தட்டு நிற்கும் நடுத் தண்டில் ஒரு கீறல் இல்லை. பழைய கிரீஸ் மெழுகாக உறைந்திருக்கிறது, அது வயசு, அதைச் சுரண்டி எடுத்துவிடலாம். மரப்பெட்டி உறுதி. மூடியின் கீல் இரண்டும் சரி. இந்த இயந்திரத்தைச் செய்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள். அவர்கள் செய்ததில் பழுதென்று எதுவுமில்லை. பழுதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. சுருக்கமாகச் சொன்னால் இதற்கு நோய் குறைவு, வைத்தியம் அதிகம்.

இந்த வகை இயந்திரத்தில் மோட்டார் நேராகத் தட்டைச் சுற்றாது. நடுவில் ஒரு ரப்பர் சக்கரம் இருக்கிறது, அது மோட்டாரைத் தொட்டு, தானும் சுற்றி, தட்டையும் சுற்ற வைக்கும். வேகக் குமிழைத் திருப்பினால் சக்கரம் போய் ஒட்டிக்கொள்ளும், நிறுத்தினால் விலகிவிட வேண்டும். நிறுத்தாமல் மின்சாரத்தை மட்டும் பிடுங்கிவிட்டுப் போய்விட்டால், ஒட்டிய இடத்திலேயே நாள்கணக்கில் அழுந்திக்கிடந்து ரப்பரில் பள்ளம் விழும். உங்கள் சக்கரத்தில் இரண்டு பள்ளம் விழுந்திருக்கிறது. அது யார் வீட்டிலும் நடப்பதுதான். புது ரப்பர் போடுவார்கள், அவ்வளவுதான் விஷயம். இங்கே அந்த இரண்டு பள்ளத்திலும் வெள்ளையாக, கல்லாக, வழவழவென்று ஏதோ இருந்தது. நகத்தால் கீறினேன், வரவில்லை. ஊசியால் கீறினேன், ஊசி வளைந்தது. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். வெகு நேரம் பார்த்தேன். பிறகு என் வாய்க்குள்ளேயே இடது பக்கம் மேலே அந்த மாதிரி ஒன்று இருப்பது ஞாபகம் வந்து, கண்ணாடியில் போய் வாயைத் திறந்து பார்த்தேன். அதே சரக்கு. ரெக்கார்டு பிளேயருக்குப் பல் அடைத்திருக்கிறது.

அதன்பின் தேடத் தேட வந்தது. கை ஆடும் மூட்டில் பல் சிமென்ட். கையின் பின்பக்க எடையில் வெள்ளிநிறத்தில் பல்லுக்குள் வைக்கிற உலோகம் பட்டாணி அளவு ஒட்டியிருக்கிறது, எதற்கென்று கடவுளுக்குத்தான் தெரியும். ஊசியின் நுனியை யாரோ வாரம் தவறாமல் பல் காரை எடுக்கும் கொக்கியால் சுரண்டிச் சுரண்டி, அது ஒரு பக்கம் தேய்ந்து உளியாகிவிட்டது. இந்த ஊசியை வைத்தால் பாட்டு கேட்காது, இசைத்தட்டு செதுக்கப்படும்.

இப்போது, அடுத்த வாரம் நீங்கள் வந்த புதன்கிழமை. நடந்தது உங்களுக்கே தெரியும், தெரியாததை மட்டும் எழுதுகிறேன். சொல்லாமல் வந்துவிட்டீர்கள். இயந்திரம் கூடம் முழுக்கப் பரவிக் கிடந்தது. அழைப்புமணி அடித்ததும் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சோபாவில் போட்டு மேலே போர்வையை விரித்துவிட்டார். “சோபா கொஞ்சம் கெட்டியா இருக்கே” என்று கேட்டீர்கள். அம்மாவும், முதுகுக்கு நல்லதென்று டாக்டர் சொன்னதால் வாங்கியது என்றார். ஐயா, நீங்கள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது உங்கள் சுழல்தட்டின் மேல். அது மூன்று கிலோ வார்ப்பு, அதற்கு ஒன்றுமில்லை, நான் அளந்து பார்த்துவிட்டேன். உங்களுக்கு ஏதாவது ஆயிற்றா என்று விசாரிக்கச் சொன்னார் அப்பா.

மறைக்க முடியாமல் போனது என் கையில் இருந்த ரப்பர் சக்கரம் மட்டும்தான். அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். “பதினாறு வருஷம் ஆச்சு தம்பி. ஒரு பொட்டு பெயரல பாருங்க. ஓரத்தைப் பாருங்க, எவ்வளவு நேக்கா தேச்சுவிட்டிருக்கு. இந்த மாதிரி அடைக்கறதுக்கு ஒரு கை வேணும்” என்றீர்கள். அப்பா உடனே, தங்கக் கை என்றார். நான் பேசத் தொடங்கினேன். அம்மா உள்ளேயிருந்து, உயரத்திலிருந்து டப்பா எடுக்க வேண்டும் என்று கூப்பிட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி தொடங்கினேன். மறுபடி டப்பாவை வைக்க வேண்டும் என்று கூப்பிட்டார். அதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். அன்று நேரில் சொல்ல முடியாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஐயா, அந்த அடைப்பு தவறு. நேர்த்தியான தவறு. ஓரம் தேய்த்தது சுத்தம், அளவு சுத்தம், பொறுமை இருக்கிறது, கை இருக்கிறது, ஆனால் ரப்பர் ஏன் ரப்பராக இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. பல் நெளியக் கூடாது, ரப்பர் நெளிய வேண்டும். ரப்பரில் கல்லை வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை டொக் டொக் என்று இடிக்கும். பதினாறு வருடமாக உங்கள் வீட்டில் அழுகைப் பாட்டுக்கும் கொண்டாட்டப் பாட்டுக்கும் ஒரே தாளம். இந்த வித்தியாசம்கூடத் தெரியாத நீங்கள் எத்தனை பேர் வாயில் கை வைத்திருப்பீர்கள் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. தெரியாத வேலையை, தெரிந்த சாமானை வைத்துச் செய்ததுதான் நீங்கள் செய்த பிழை. இதைச் சொல்ல அம்மா அனுமதித்த இரண்டு குறை போதவில்லை.

என் முடிவு: இயந்திரம் சீர்செய்யத் தகுதியானது. சீர்செய்வதற்கு முன் இதுவரை செய்த வைத்தியம் முழுவதையும் அகற்ற வேண்டும். சக்கரத்துக்குப் புது ரப்பர், கைமூட்டுக்குப் புது பேரிங் மணிகள், புது ஊசி. அதன்பிறகும் ஒரு நிபந்தனை. இயந்திரமும் இதற்கு வைத்தியம் பார்த்தவரும் இனி ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. கை சும்மா இருக்காது, இது அனுபவத்தில் கண்டது, எங்கள் அப்பாவும் அதே ரகம்தான். எனவே இயந்திரம் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், நீங்கள் வேண்டியபோது வந்து கேட்டுவிட்டுப் போகலாம். குமிழைத் தொடக் கூடாது.

இதைப் படித்துவிட்டு நீங்கள் மத்ததைப் பேச வேண்டாம் என்று முடிவு செய்யலாம். அப்படிச் செய்தால் எனக்குக் கஷ்டம்தான். எவ்வளவு கஷ்டம் என்று அளக்க எங்கள் ஆய்வகத்தில் கருவி இல்லை, எனக்கு எதிர் மேஜை காலியாகிவிடுமோ என்று இந்த மூன்று வாரமாக நான் நிம்மதியாகச் சாப்பிடவில்லை என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன். ஆனாலும் ஒரு வரியில் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த டொக்டொக்கை நாம் இரண்டு பேருமே கேட்காததுபோல் ஆயுசு முழுக்க எதிரெதிரே உட்கார என்னால் முடியாது. களைத்துப்போனேன், ஐயா.

அப்பா தன் நமஸ்காரத்தையும், வெடித்த கப்பாசிட்டருக்கு வருத்தத்தையும் தெரிவிக்கச் சொன்னார். அம்மா, கடிதத்தில் எழுதியது எதுவும் எங்கள் வீட்டு அபிப்பிராயம் இல்லை, பையன் மட்டும் இப்படி, மற்றபடி நல்ல பையன் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். உங்கள் ஆசி கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, கிடைத்தால் மறுக்க மாட்டேன்.

பணிவுடன்,
உங்கள் மகளின் எதிர் மேஜை

பின்குறிப்பு: இந்தக் கடிதம் தபாலில் சேராமல் இரண்டு நாள் நின்றுபோனது. எங்கள் ஆய்வகத்தில் இன்னொருவர் படித்துப் பார்க்காமல் எந்த அறிக்கையும் வெளியே போகாது, அந்தப் பழக்கத்தில் உங்கள் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். தராசு அறையில் நின்றபடியே படித்தாள். ஸ்க்ரூ கிண்ணத்துக்குச் சிரித்தாள், சோபாவுக்குச் சிரித்தாள், புதன்கிழமை சக்கரம் வந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

“அப்பா உன்கிட்ட அந்தச் சக்கரத்தைப் பத்திப் பேசினாரா?”

“அதான் எழுதியிருக்கேனே.”

“இதே வார்த்தையா? நீயா ஒண்ணும் சேர்க்கலையே?”

நான் எதையும் சேர்க்கிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். “அது நான் செஞ்சதுடா. பதினோரு வயசுல. அவருக்குத் தெரியவே தெரியாதுன்னு நினைச்சிட்டிருந்தேன்.” பள்ளி விடுமுறையில் குமிழை நிறுத்தாமல் விட்டது அவளாம். டொக் என்ற சத்தம் கேட்டதும் பயந்துபோய், நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் உங்கள் கிளினிக் அலமாரியைத் திறந்து, நீங்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றதைச் சக்கரத்துக்குச் செய்தாளாம். பிறகும் சத்தம் போகவில்லை. அது உங்கள் காதில் விழாமலிருக்க, பாட்டு ஓடும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டே இருப்பாளாம். சிமென்டும் பட்டாணியும்கூட அவள் பின்னால் செய்துபார்த்த வைத்தியங்கள்தானாம். பல் டாக்டருக்குப் பல் அடைப்பு அடையாளம் தெரியாமல் போகுமா என்று பதினாறு வருடமாக அவளுக்குத் தோன்றவில்லை. அன்றுதான் தோன்றியது. தராசு அறையில் ஈரப்பதம் ஏறக் கூடாது என்பதால் வெளியே அழைத்து வந்துவிட்டேன்.

ஆகவே அறிக்கையில் கீழ்க்கண்ட திருத்தங்கள். சக்கரம், மூட்டு, எடை பற்றிய இடங்களில் ‘நீங்கள்’ என்று வருவதை ‘உங்கள் மகள்’ என்று படித்துக்கொள்ளவும். ஊசியைச் சுரண்டியது மட்டும் நீங்கள்தான் என்று அவள் உறுதியாகச் சொல்கிறாள், அது அப்படியே நிற்கிறது. எத்தனை பேர் வாயில் கை வைத்திருப்பீர்கள் என்ற வாக்கியத்தை அடித்துவிட்டேன், அடித்தும் நன்றாகப் படிக்க முடிகிறது என்பது தெரியும், அதற்கு மன்னிக்கவும். மற்றபடி அடைப்பு தவறு என்பதில் மாற்றமில்லை. அவள் முகத்துக்கு நேராகவும் சொன்னேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “தப்புதான். ஆனா பெயரலையே” என்றாள்.

இயந்திரமும் வைத்தியம் பார்த்தவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. ஆள் மாறிவிட்டதால் வீடுகளும் மாறுகின்றன: இயந்திரம் உங்கள் வீட்டுக்கு, வைத்தியர் எங்கள் வீட்டுக்கு. வைத்தியர் சம்மதித்துவிட்டார். உங்கள் ஆட்சேபணை ஏதும் இருந்தால் ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும். தவறினால் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும், மாமா.